பச்சைப்பிள்ளையின் தலைக்குள் இரத்தக்கசிவு: தெரிந்து கொள்வோம்

வாழைச்சேனைப் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பங்களுக்கும், இங்கே லயத்துத் தாய்மாருக்கும் இதை எழுதுகிறோம்.

பிறந்த பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, உடம்பு வெளிறினாலோ, "விடிஞ்சதும் பார்ப்போம்" என்று வைத்திருக்காதீர்கள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாழைச்சேனையில் ஆதார வைத்தியசாலை உண்டு. மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கு ஆபத்து அதிகம். பிறந்ததும் போடும் விற்றமின் கே ஊசி ஒருவகைக் கசிவைத் தடுக்கும். போட்டாச்சா என்று கேளுங்கள்.

எல்லாக் கசிவும் வைத்தியர் பிழையல்ல. பிழையென்றாலும் அதைக் காட்ட வேண்டும். 1992 இல் மூளைக் கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் வழக்கில், 2001 இல் உச்ச நீதிமன்றம் வைத்தியரின் கவனக்குறைவை ஏற்றது. ஆனால் அதனால்தான் மரணம் என்று நிரூபிக்கப்படாததால் நட்டஈடு கிடைக்கவில்லை.

ஆகவே கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், துண்டுச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக 2 வருடமே தவணை. வசதியில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உதவும். கடுதாசிகளோடு நேரே போங்கள், கூச்சப்படாதீர்கள்.