கண் படிக்கிறது, மனம் எங்கே?

மாலை நேரம். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தாகிவிட்டது. ஒரு சொல்லைக்கூட விடவில்லை. "என்ன படித்தாய், சொல் பார்க்கலாம்" என்று அக்கா கேட்கிறாள். திருதிருவென்று விழிக்கிறீர்கள்! ஒன்றுமே நினைவில் இல்லை.

இது எல்லாருக்கும் நேர்வதுதான். ஆனால் சிலர் இதனால் மனம் சோர்ந்து, "எனக்குப் படிப்பு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியா? படிக்கும்போது கண்ணிலும் மூளையிலும் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தாவும் கண்கள்

ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் பென்சிலால் ஒரு சிறு துளை இடுங்கள். உங்கள் நண்பன் தாளைக் கையில் பிடித்து, துளைக்குப் பக்கத்தில் உள்ள வரிகளை மனத்துக்குள் படிக்கட்டும். நீங்கள் தாளின் மறுபுறம் நின்று துளை வழியே அவன் கண்களைக் கவனியுங்கள்.

அவை தண்டவாளத்தில் ஓடும் ரயிலைப்போல வழுக்கிக்கொண்டு செல்கின்றனவா? இல்லை. தாவுகின்றன, நிற்கின்றன, மறுபடியும் தாவுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள்.

கண் ஏன் தாவ வேண்டும்? விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழிதான் எழுத்துகளை மிகத் தெளிவாகக் காட்டும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம்தான் ஒரே பார்வையில் மிகத் தெளிவாகத் தெரியும் பகுதி. ஆகவே வரி முழுவதையும் படிக்கக் கண் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கிறது. அந்த நேரத்தில்தான் படிக்கிறோம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கண் சில சமயம் பின்னோக்கியும் தாவும். ஆங்கிலம் படிக்கும் தேர்ந்த வாசகர்களின் கண்களை அளந்து பார்த்தபோது, நூற்றுக்கு 10 முதல் 15 தாவல்கள் பின்னோக்கியவையாக இருந்தன. ஆகவே, புரியாத வரிக்குத் திரும்பிப் போவது மந்த புத்தியின் அடையாளம் அன்று. நன்றாகப் படிப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இது என்ன வேலை?

சரி, கண் தன் வேலையைச் செய்துவிட்டது. அது போதுமா? இந்தப் பத்தியைப் படியுங்கள்:

"முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். பிறகு அதை நன்றாக நிரப்ப வேண்டும். பகுதி பகுதியாக அமிழ்த்திப் பார்த்தால் எந்த இடம் என்று அதுவே காட்டிவிடும். அந்த இடத்தைத் துடைத்து, தேய்க்க வேண்டும். பூசியபின் அவசரப்படக் கூடாது. சற்றுக் காத்திருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிடலாம்."

இதில் கடினமான சொல் ஒன்றாவது உண்டா? இல்லை. ஆனாலும் விஷயம் பிடிபட்டதா? இப்போது ஒரே ஒரு குறிப்புத் தருகிறேன்: சைக்கிள் பங்ச்சர்! மறுபடியும் படித்துப் பாருங்கள். டியூபும், தண்ணீர்த் தொட்டியும், குமிழிகளும் கண்முன் வந்துவிட்டன அல்லவா?

எழுத்து பாதிதான் சொல்கிறது. மீதியை நாம் முன்பே அறிந்ததிலிருந்து எடுத்து நிரப்புகிறோம். நிரப்புவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் மனம் நழுவிவிடுகிறது.

1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அடிப்பந்து ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியைப் படிக்கச் சொல்லி, படித்ததை ஆட்டக்களத்தின் மாதிரியில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் செய்தார்கள். வாசிப்புத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், நன்றாகப் படிக்கக்கூடிய, ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களை முந்திவிட்டார்கள்!

அப்படியானால், "படிப்பு வராது" என்று பெயர் வாங்கியவனுக்கு உண்மையில் குறைவாக இருப்பது அறிவா, அல்லது அந்தப் பொருளோடு பழக்கமா? சிந்தித்துப் பாருங்கள்.

நான்கு வேலைகள்

மனத்தைப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்க வழி உண்டா? உண்டு. சொற்களைச் சரியாகப் படித்தும் பொருள் புரியாமல் திணறிய ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு வேலைகளைப் பழக்கினார்கள். முதலில் ஆசிரியர் செய்து காட்டினார். பிறகு மாணவர்களே மாறி மாறி ஆசிரியரானார்கள். சில வாரங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. முடிவுகள் 1984-இல் வெளியாயின.

'உப்பளம்' என்ற பாடத்தை வைத்து அந்த வேலைகளைப் பார்ப்போம்.

1. ஊகித்தல்: தலைப்பைப் பார்த்ததும், "கடல்நீரை வெயிலில் காயவைப்பார்கள் போலும்" என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஊகம் தவறானாலும் பரவாயில்லை. அது சரியா என்று பார்க்கவே மனம் அடுத்த வரிக்குப் போகும்.

2. கேட்டல்: ஒரு பத்தி முடிந்ததும் அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். "ஒரு லிட்டர் கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கும்?" சுமார் 35 கிராம். "அப்படியானால் ஒரு மூட்டை உப்புக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்?" பார்த்தீர்களா, ஒரு கேள்வி இன்னொரு கேள்வியை இழுத்துவருகிறது!

3. தெளிதல்: 'பாத்தி' என்ற சொல் புரியவில்லையா? அங்கேயே நில்லுங்கள். திரும்பிப் படியுங்கள், பெரியவர்களைக் கேளுங்கள், அகராதியைப் புரட்டுங்கள்.

4. சுருக்கிச் சொல்லல்: புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் சொற்களில் இரண்டு வரியில் சொல்லுங்கள். சொல்ல வராத இடம் எதுவோ, அதுதான் மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

செய்து பாருங்கள்

நண்பர்கள் நால்வர் சேருங்கள். நூலகத்திலிருந்து உங்களுக்குப் பிடித்த பொருள் பற்றிய ஒரு நூலை எடுத்து வாருங்கள். கிரிக்கெட், பாம்பு, விண்மீன், எதுவானாலும் சரி. ஒவ்வொரு பத்திக்கும் ஒருவர் ஆசிரியர். வேகமாகப் படிப்பவனும் தட்டுத் தடுமாறிப் படிப்பவனும் ஒன்றாக உட்காருங்கள். பாம்பைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் இரண்டாமவனாகவும் இருக்கலாம்! வீட்டில் தம்பி, தங்கைக்குக் கதை படித்துக் காட்டும்போதும், பக்கத்தைத் திருப்புமுன் "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தபின், அக்காவை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.