பம்ப் முனகினால் போதுமா?

நம்பிக்கை: சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் முனகல் கேட்டால் ஃபியூயல் பம்ப் நன்றாக இருக்கிறது; கேட்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

உண்மை: இரண்டு பாதியும் நம்பத்தக்கவை அல்ல. இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் கார்களில் பம்ப் என்பது டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்மோட்டார். சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான கார்களில் அது ஓரிரு விநாடி ஓடி, லைனில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். இன்ஜின் சுழல்வதைக் கிராங்க் சென்சார் தெரிவித்த பிறகே மறுபடி ஓடும். அந்த முனகல் மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தேய்ந்த பம்பும் சுற்றும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் சுற்றும். டேங்குக்குள் குழாய் கழன்று, எடுத்த பெட்ரோலை அங்கேயே கொட்டியபடியும் சுற்றும். இன்ஜினுக்கு வேண்டியது ஓசையல்ல, அழுத்தம். இவ்வகைக் கார்கள் பலவற்றில் அது 3 முதல் 4 பார். 2 பாரோடு திணறும் பம்பைக் காதால் பிரித்தறிய முடியாது. மறுபுறம், சில கார்களில் ஓட்டுநர் கதவைத் திறக்கும்போதே பம்ப் ஓடி முடித்துவிடும். சாவி போட்ட பிறகு காதைத் தீட்டுவதில் பயனில்லை. உண்மையிலேயே ஓடவில்லை என்றாலும் ஃபியூஸ், ரிலே, ஒயர், இம்மொபிலைசர் ஆகியவற்றை விசாரிக்காமல் பம்பின் மேல் பழி போடக்கூடாது.

நம்பிக்கை: பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மை: மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா என்பது தெரியும், அவ்வளவே. ரிலேயையும் பழைய ஒயரையும் ஒதுக்கிவிட்டுச் செய்யும் சோதனை, கோளாறு அவற்றில் இருந்தால் அதை மறைத்துவிடும். தொடும் இடத்தில் தீப்பொறி பறக்கும் ஆபத்து வேறு. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் 12 வோல்ட் பார்த்துத் திருப்தியடைவதும் இதே பிழைதான். துருப்பிடித்த எர்த் சுமையில்லாதபோது முழு வோல்ட்டைக் காட்டும். பம்ப் இழுக்கத் தொடங்கியதும் சரியும். ஆகவே பம்ப் ஓடும்போதே அதன் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒயரை.

நம்பிக்கை: குழாயைக் கழற்றி, பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று பார்த்தால் போதும்.

உண்மை: இது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அன்றைய மெக்கானிக்கல் பம்பின் அழுத்தம் அரை பாரைக்கூடத் தொடாது. இன்று அதே வேலையைச் செய்தால் பெட்ரோல் தூறலாகச் சிதறும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தொலைவில் உள்ள பொறியையும் தேடிப் பிடிக்கும். காமன் ரெயில் டீசல் வண்டியில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். அந்த ஜெட் தோலைத் துளைக்கும் என்பதால் அதன் உயரழுத்தக் குழாயை வீட்டில் தொடவே கூடாது. ஆபத்தை ஒதுக்கிவைத்தாலும் சோதனை செல்லாது. திறந்த குழாயில் எதிர்ப்பே இல்லாததால் பலவீனமான பம்பும் தாராளமாகக் கொட்டும். பிரஷர் கேஜ் மாட்டி, ஐடிலிலும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும், இன்ஜினை நிறுத்திய பிறகும் பார்த்தால்தான் படம் முழுமையாகும். நிறுத்தியதும் முள் மளமளவென இறங்கினால் பம்பின் செக் வால்வோ இன்ஜெக்டரோ கசியக்கூடும்.

அனுபவசாலி மெக்கானிக்குகள் காதாலேயே சொல்லிவிடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் ஓசையை மட்டும் கேட்பதில்லை; மேடேறும்போது இழுவை குறைகிறதா, சூடான பிறகு நிற்கிறதா என்ற விவரங்களையும் சேர்த்தே ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் எங்கே தேடுவது என்று காட்டும். பம்பை மாற்றும் செலவை நியாயப்படுத்தாது. கேஜ் எல்லார் வீட்டிலும் இருக்காது என்பதும் சரிதான். ஃபியூஸ், ரிலே, வோல்ட் வரை வீட்டில் பார்த்துவிட்டு, அழுத்தத்தை ஒர்க்‌ஷாப்பிடம் விடலாம். புது பம்புக்குச் சம்மதிக்கும் முன், கேஜ் எத்தனை பார் காட்டியது, அந்த மாடலுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.