சிற்றுண்டியும் தேயிலையும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

ஹட்டன் கடைத்தெருவிலே தேயிலை வாங்க நிற்பவர்களின் பேச்சுக்குச் சற்று நேரம் செவி கொடுத்தால், நம்மிடையே வேரூன்றிவிட்ட தப்பெண்ணங்களில் பாதியை அங்கேயே கேட்டுவிடலாம். “தூள் வேணாம் மொதலாளி, அது ஸ்டோர்ல கூட்டி அள்ளுனது, எல தெரியிற மாதிரி குடுங்க, சாயம் நல்லா எறங்கணும்” என்பார் ஒருவர், விலை கூடினால் ருசியும் கூடும் என்று தலையசைப்பார் மற்றொருவர். தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தேயிலையைப் பற்றி இவ்வாறு கருதுவது விசித்திரந்தான்.

தூளைப் பற்றிய அபவாதத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கொழுந்து வாடி, உருளையில் கசங்கி, காற்றுப்பட்டு நிறம் மாறி, அனலில் உலர்ந்த பிறகு, பல அளவுக் கண்களையுடைய சல்லடைகளின்மேல் ஓடுகிறது. பெருங்கண்ணில் தங்குவது ஓபி, பெக்கோ என்றும், அதனிற் சிறியது பிஓபி என்றும், அதனினும் சிறியது பிஓபிஎஃப் என்றும், எல்லாவற்றுக்கும் அடியில் இறங்குவது டஸ்ட் என்றும் பெயர் பெறுகின்றன. ஒரே சரிவில் ஒரே காலையிலே கிள்ளிய கொழுந்துதான் இத்தனை பெயர்களோடு வெவ்வேறு மூட்டைகளில் அடைபடுகிறதாகையால், இவை பருமனைக் காட்டும் பெயர்களேயன்றிக் குணத்துக்குச் சூட்டிய பட்டங்கள் அல்ல. துகள் சிறுத்தால் நீரில் விரைவாகவும் கடுமையாகவும் சாரம் இறங்கும், அவ்வளவே. கொழும்பு ஏலத்தில் ‘டஸ்ட் 1’ தனித் தரமாகவே விலைபோகிறது. காம்பும் நாருமாகப் பிரித்து ஒதுக்கப்படும் கழிவுத் தேயிலை வேறு; அதைத் தூளோடு கலந்து விற்கும் துராசைக்காரர்களும் இருப்பதனாற்றான் ஜனங்களுக்கு இந்தச் சந்தேகம் எழுந்தது போலும். ஐயமிருந்தால், நனைத்த வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். தூவியவுடனே நிறம் ஓடிப் பரவினால் அது சாயம் ஏற்றிய சரக்கு.

உயரம் ஏற ஏற விலையும் ஏறும் என்பது மலைநாட்டாராகிய நமக்கு மிகவும் பிரியமான நம்பிக்கை. 1,200 மீட்டருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 600 மீட்டருக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை என்பது நம் நாட்டு வகுப்பு. ஆயினும் பல்லாண்டுகளாகக் கொழும்பு ஏலத்தின் சராசரி விலையில் முந்தி நிற்பது சப்ரகமுவையிலும் ருகுணையிலும் விளையும் தாழ்நிலத் தேயிலையே. காரணம், கறுத்து முறுகிய இலையை விரும்பும் மேற்காசிய நாட்டாரின் வாங்கும் சக்தி. 1883ஆம் ஆண்டிலே தொடங்கிய அவ்வேலம் அன்றுதொட்டு இன்றுவரை கடல் கடந்த நாவுகளின் விருப்பத்தையே அளந்து வருகிறது; உங்கள் வீட்டு ரொட்டிக்கு எது பொருந்தும் என்று ஆராய்வது அதன் வேலையன்று. பொதியின்மேல் உள்ள சிங்க முத்திரையும் அவ்வாறே: உள்ளிருப்பது முழுதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அது சாட்சி சொல்லும், அது உங்கள் நாவுக்கு இசையுமா என்பதைச் சொல்லாது. மேற்குச் சரிவாகிய நமது திம்புள்ளப் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்றிலே கொழுந்து மெல்ல வளரும் காலமே வாசனைக் காலம். ஆகவே விலைச்சீட்டைவிடப் பறித்த மாதத்தை விசாரிப்பது பயன் தரும்.

சாயம் கடுமையானால் சாரமும் கடுமை என்பது அடுத்த மயக்கம். ருசி பார்க்கும் மேசையில், வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, 100 மில்லி லீட்டருக்கு 2 கிராம் வீதம் இட்டு, மூடி, சர்வதேச நியமத்தின்படி 6 நிமிஷம் ஊறவிட்டு வடித்து, ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து முகர்ந்து பார்ப்பார்கள். அங்கே நுவரெலியாத் தேயிலை வெளிறிய பொன்னிறத்தில் நிற்க, தாழ்நிலத்தது செம்பழுப்பாய்க் கறுத்திருக்கும். வெளிறியதென்று முன்னதை இகழ்பவர் ஒரு மிடறு பருகிவிட்டுப் பேசட்டும். அன்றியும், ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்திலுள்ள ஹட்டனில் நீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் உள்ளவர் மூன்று நிமிஷத்தில் பெறும் சாரத்தை நாம் பெறச் சற்றுக் கூடுதலாக மூடி வைக்கவேண்டும்.

இனி, எதற்கு எது? வடை, ரோல்ஸ், பராட்டா போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்குப் பால் கலந்த தேத்தண்ணியே ஏற்றது. அதற்கு மலிவான டஸ்ட்டோ பிஓபிஎஃப்போ போதும், உயர்ந்த விலை கொடுத்தால் பாலுக்குள் பணத்தைக் கரைத்ததாகும். இடியப்பம், தேங்காய் ரொட்டி, அவல் ஆகியவற்றுக்கு நடுத்தர விலையில், தோட்டத்தின் பெயர் பொறித்த பிஓபியை வெறுந்தேத்தண்ணியாகப் பருகலாம். பழத்துக்கும் மெல்லிய பிஸ்கட்டுக்கும் நுவரெலியாவின் வெளிர்நிறத் தேயிலை. தொதலுக்கும் கேக்குக்கும் தாழ்நிலத்துப் பெருவிலை ஓபி. கட்டசம்பலோடு மட்டும் எந்த உயர்ந்த தேயிலையையும் போட்டியிட விடாதீர்கள்; மிளகாய்க்கு முன்னால் வாசனை தோற்றுப்போகும்.

உணவோடு சேர்த்துக் குடித்தால் ஜீரணத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை மற்றவற்றைப்போல் விளையாட்டானதல்ல. கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கின்றன. இரத்தசோகையால் வாடும் தாய்மார் நிறைந்த தோட்டப்புறங்களில், காலை ரொட்டியோடு கோப்பைத் தேத்தண்ணியும் ஒன்றாகவே உள்ளே செல்வது கவலைக்குரியது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகினால் இந்தத் தீங்கு பெரிதும் குறையும். மலைக்கு ஏறும் அவசரத்தில் அதற்கு அவகாசம் ஏது என்று கேட்பீர்களானால், அக்கேள்வியைத் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்கவேண்டும்.

எஞ்சியிருப்பது வெள்ளித் தளிர் எனப்படும் சில்வர் டிப்ஸ். விரியாத மொட்டை மட்டும் கிள்ளி, கசக்காமல் உலர்த்துவதால் உழைப்பு மிகுதி, விலையும் அதற்கேற்ப மிகுதி. வேறு செடியிலிருந்து வருவதென்று சிலர் எண்ணுகிறார்கள். கறுப்பும் பச்சையும் வெள்ளையும் எல்லாம் ஒரே செடியின் பிள்ளைகளே. கஃபீன் இல்லாததென்று இரவில் பருகுவோரும் உண்டு. உண்மையிலோ இளமொட்டில் அது ஏராளம். கொதித்த நீரைச் சில நிமிஷம் ஆறவிட்டு ஊற்றி, பக்கத்தில் எந்தப் பண்டமும் இல்லாமல், பகலிலேயே பருகுங்கள்.