புதுப்பித்த டிராக்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால்

திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளமையால், சுற்றுவட்டக் கிராமங்களில் டிராக்டர் உழவுக்கு மட்டுமன்றிக் கரும்பு ஏற்றுவதற்கும் இன்றியமையாததாக இருக்கிறது. வெட்டிய கரும்பு வயலில் காய்ந்து கிடந்தால் எடை குறையும். சாற்றில் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே அரவைப் பருவத்தில் டிராக்டர் இரண்டு நாள் நின்றுவிட்டால் அதன் நஷ்டம் மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியோடு முடிவதில்லை.

இப்பகுதியில் ஓடும் டிராக்டர்களில் பழையன பல உண்டு. 1960ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனம், மாஸ்ஸி பெர்குஸன் டிராக்டர்களைத் தயாரிக்கலாயிற்று. இங்கிலாந்து நாட்டுப் பெர்கின்ஸ் எஞ்சினின் அமைப்பில் சென்னை சிம்ப்ஸன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் நம் உழவர்களுக்கு நன்கு பழக்கமானது. அமைப்பில் எளியது, உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த எஞ்சினையும் லைனர், பிஸ்டன், ரிங் முதலியவற்றை மாற்றிப் புதுப்பித்து மீண்டும் ஓட்ட முடிகிறது.

அவ்வாறு பெருந்தொகை செலவிட்டுப் புதுப்பித்த எஞ்சினைக் கிளப்பியதும், ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்காமல் ‘மிஸ்ஸிங்’ அடித்தால் உரிமையாளரின் மனம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. “மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும்” என்பதே பெரும்பாலும் அவர் கேட்கும் முதல் யோசனை. அது கடைசி யோசனையாக இருக்க வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஹெட்டை ஒருமுறை கழற்றினால் புதிய கேஸ்கெட் வாங்க வேண்டும்; ஒரு நாள் வேலையும் போகும். குறை வெளியிலேயே இருந்துவிட்டால் இரண்டும் வீண்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அதன் கன அளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் பதினெட்டில் ஒரு பங்குவரை அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று மிகவும் சூடேறி, நாசில் வழியாகப் பனிபோலத் தூவப்படும் டீசலைத் தானே பற்ற வைக்கிறது. எனவே ஒரு சிலிண்டர் வெடிக்க வேண்டுமானால் போதிய அழுத்தம், சரியாகத் தூவப்பட்ட டீசல், அது தூவப்படும் சரியான நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். நேரம் தவறினால் பொதுவாக மூன்று சிலிண்டர்களும் பாதிக்கப்படும். ஒன்று மட்டும் படுத்துக்கொண்டால் முதலில் ஐயுற வேண்டியவை டீசலும் அழுத்தமுமே.

எந்தச் சிலிண்டர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று வீதம் மெதுவாக ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாக ஒவ்வொரு சிலிண்டரும் 375 தடவை வெடிக்கும். மூன்றுமாக 1,125 வெடிப்புகள். ஒன்று நின்றால் ‘தட், தட்’ என்ற சீரான ஓசையில் ஒரு பள்ளம் விழுவதைப் பழகிய காது உடனே உணர்ந்துவிடும். ஆனால் அது எந்தச் சிலிண்டர் என்பதைக் காதால் மட்டும் அறிய முடியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்பி, ஓரிரண்டு நிமிடத்தில் புகைக்குழாய் ஹெட்டுடன் சேரும் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு துளி நீர் விடுக. இரண்டிடத்தில் நீர் சீறி மறையும். மூன்றாமிடத்தில் தயங்கி நிற்கும். அங்கேதான் குறை.

இதை உறுதிப்படுத்த, மெதுவோட்டத்தில் ஒவ்வொரு நாசிலுக்கும் வரும் உயரழுத்தக் குழாயின் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்திப் பார்த்து, மீண்டும் இறுக்குவர். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் உடனே தள்ளாடும். படுத்திருக்கும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாறுதலே தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூற வேண்டும். நாசில் திறக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேற்பட்டது. அவ்வழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். முதலில் ஊசி குத்தினாற் போலத்தான் தோன்றும். ஆனால் சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கி, விரலையே இழக்க நேரிடலாம். நட்டைத் தளர்த்தும்போது அதைத் தடித்த துணியால் மூடுக, கண்ணாடி அணிக, கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தை அறவே விடுக. நாசிலை வெளியே பொருத்தித் தூவலைக் கண்ணால் பார்ப்பதும் பல பட்டறைகளில் உண்டு. அதை டீசல் பம்புக் கடையின் சோதனை இயந்திரத்தில் செய்வதே தக்கது. டீசல் தோலில் பாய்ந்துவிட்டால், வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிலையாக இல்லாமல் இங்கும் அங்கும் மாறி வந்தால், டீசல் வழியில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். எஞ்சினைப் புதுப்பித்தபோது குழாய்களையெல்லாம் கழற்றியிருப்பார்கள். ஆதலால் இது சாதாரணமாக நேர்வதே. முதலில் பில்டரிலும், பிறகு பம்பிலும், இறுதியில் நாசில் குழாய்களின் நட்டிலும், இந்த வரிசையிலேயே, நுரையற்ற டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். குழாய்கள் தத்தம் சிலிண்டருக்கே பொருத்தப்பட்டுள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். இவ்வகை எஞ்சினின் வெடி வரிசை 1, 2, 3 என்பதாகும்.

மிஸ்ஸிங் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் அந்த நாசிலைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் வேறொரு சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றுக. குறை நாசிலோடு கூடச் சென்றால் நாசிலே குற்றவாளி. பம்புக் கடையில் கொடுத்துச் சரி செய்துகொண்டால் போதும். குறை பழைய சிலிண்டரிலேயே நின்றுவிட்டால் நாசிலின்மேல் குற்றமில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நாசிலை மாற்றி, டேப்பெட்டைத் திருத்தி, பம்பையும் திருகிவிட்டு, “எதனாலோ சரியாயிற்று” என்பவர் அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

பம்பைச் சந்தேகிப்பவர்கள் அதன் வகையை அறிந்திருத்தல் நலம். நீண்ட பெட்டி போன்ற பழைய பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உலக்கை உண்டு. ஆகவே அதில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் டீசல் குறைய இடமுண்டு. உருண்டையான சுழல் பம்பிலோ ஒரே இணை உலக்கைகள் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன; அதில் ஒன்று மட்டும் கெடுவது அரிது.

இனி அழுத்தம். மானி இருந்தால் நாசில் துளையில் பொருத்தி மூன்று சிலிண்டர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லையேல், குறையுள்ள பிஸ்டனை அழுத்த நிலையின் உச்சியில் நிறுத்தி, நாசில் துளை வழியே காற்றைச் செலுத்தி, அது எங்கே தப்புகிறது என்று கேட்கலாம். காற்று வடிகட்டிப் பக்கம் ஓசை வந்தால் உள்வால்வு. புகைக்குழாயில் வந்தால் வெளிவால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட். ரிங்கைச் சோதிப்பதற்காகச் சிலிண்டருள் ஆயில் ஊற்றுவோர் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படக் கூடாது. மிகுதியாக ஊற்றிக் கிளப்பினால், அமுங்காத ஆயில்மேல் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

புதுப்பித்த எஞ்சினுக்கே உரிய ஒரு குறையும் உண்டு. கிளப்பியவுடன் நன்றாக ஓடும். சூடேறிய பின் ஒரு சிலிண்டர் படுத்துவிடும். புதிய கேஸ்கெட் முதற் சூட்டில் அமுங்கும். பட்டறையில் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குவார்கள். அப்போது ஹெட்டும் அதன்மேலுள்ள ராக்கர்களும் மயிரிழை அளவு கீழிறங்கும். புஷ் ராடோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் டேப்பெட் இடைவெளி சுருங்கிவிடுகிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது வால்வு முழுதும் மூடாமல் நிற்க, அழுத்தம் கசிகிறது. எனவே ஹெட்டை இறுக்கியபின் டேப்பெட்டை மறுபடி வைத்தே தீர வேண்டும். இவ்வெஞ்சினில் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர், சூடாக இருக்கையில் 0.25. கண் மதிப்பில் வைப்பவர் கைராசிக்காரராகவே இருந்தாலும், ஃபீலர் கேஜை அவர் கையில் கொடுப்பது நல்லது.

ஒரு சிலிண்டர்தானே, அறுவடை முடியட்டும் என்று ஓட்டுவோரும் உளர். எரியாத டீசல் வெண்புகையாக ஓரளவே வெளியேறும். மீதி சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தொட்டியில் இறங்கும். ஆயில் நீர்த்துப் போகும். புதிய பேரிங்குகள் தேயும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, அளவு ஏறியிருந்து டீசல் மணமும் அடித்தால் அந்நிலை நேர்ந்துவிட்டது என்று அறியலாம்.

சென்ற ஆண்டு நான் நேரில் பார்த்த ஒன்றைக் கூறுகிறேன். ஓர் உழவர் எஞ்சினைப் புதுப்பித்து எடுத்து வந்த அன்றே மூன்றாவது சிலிண்டர் படுத்துக்கொண்டது, வெண்புகை. நாசிலை மாற்றிப் பார்த்தனர். குறை அங்கேயே நின்றது. அழுத்தமும் மற்ற இரண்டுக்கு ஈடாகவே இருந்தது. வேலை செய்த பட்டறையினர் ஹெட்டை இறக்க நாள் குறித்தனர். அன்று மாலை, “எதற்கும் ஒருமுறை பார்ப்போம்” என்று உழவரே நாசிலைக் கழற்றிக் குழியில் டார்ச்சு விளக்கை அடித்தார். அடியில், கரி படிந்து ஹெட்டோடு ஹெட்டாகக் கறுத்துப்போன பழைய செப்பு வாசர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமலே, அதன்மேல் புதிய வாசரையும் வைத்து நாசிலைப் பூட்டியிருக்கிறார்கள். நாசில் ஒரு வாசர் கனம் மேலே நின்றமையால், டீசல் பிஸ்டன் குழியில் விழாமல் சுவரில் பட்டு எரியாது போயிற்று. எந்த நாசிலைப் பூட்டினாலும் அக்குறை அங்கேயே நின்றதன் காரணம் இதுதான்.

வளைந்த கம்பியால் பழைய வாசரை நெம்பி எடுத்து, குழியைத் துடைத்து, புதிய வாசர் ஒன்றை மட்டும் வைத்துப் பூட்டினார். எஞ்சின் மூன்று சிலிண்டரிலும் ஓடிற்று. அவர் அத்துடன் விடவில்லை. டீசல் கலந்துவிட்ட ஆயிலை முழுதும் வடித்து, ஆயில் பில்டரையும் மாற்றிய பின்னரே மறுநாள் டிரெய்லரைப் பூட்டினார்.