பார்வைக்குத் தெரியாத குறைபாடு: உரிமையைப் பெற ஆறு படிகள்

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" பேருந்தில் மாற்றுத்திறனாளி இருக்கையில் அமர்ந்த, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளி இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சட்டம் அப்படிக் கேட்பதில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், மனநோய், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு.

1. காகிதம் சேருங்கள்: மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். வெளியே தெரியாத குறைபாட்டுக்கு இவைதான் சாட்சி.

2. விண்ணப்பியுங்கள்: 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (யுடிஐடி) பதியுங்கள். கைகொடுக்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது.

3. மருத்துவரிடம் மறைக்காதீர்கள்: பரிசோதனை நாளில் நீங்கள் தெம்பாக இருக்கலாம். மூட்டில் ரத்தம் கசிந்து படுத்துக் கிடந்த நாட்கள் எத்தனை, மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதி எடுத்துப் போங்கள். பரிசோதனைக்குப் பின் தரும் குறைபாட்டுச் சான்றிதழில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம்.

4. சதவீதத்தைப் பாருங்கள்: சான்றிதழில் குறைபாடு 40% அல்லது அதற்கு மேல் என்றால் அரசு வேலையில் 4% (ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் இதில் சேராது), அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடஒதுக்கீட்டுக்கு உரிமை கோரலாம். அதற்குக் குறைவென்றால் எல்லாம் போயிற்று என்று பலர் அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள விகாஷ் குமார் என்ற தேர்வரின் வழக்கில், 40% இல்லாவிட்டாலும் தேர்வில் அவருக்காக எழுத உதவியாளர் தரவேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

5. எழுத்தில் கேளுங்கள்: "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். "இரவுப் பணி வேண்டாம்", "தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும்" என்று தேவையைச் சொல்லுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால், அதைக் காட்டி அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

6. மறுத்தால் புகார் கொடுங்கள்: அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அதை விசாரிக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாவட்டக் குழு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் என்று மேலே போகலாம். போகும்போது ஐந்தாம் படியில் வாங்கிய முத்திரை நகல் கையில் இருக்கட்டும்.