வெளுத்த மரப் பெஞ்சுக்கு மாசி மாத வேலை

ஆரணியின் நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு ஒரு கவனிப்பு, வாசலில் கிடக்கும் மரத்துக்கு வேறு கவனிப்பு. நெய்த சேலை சுருளும் படமரத்தில் ஒரு சிராய் எழும்பினால் அன்றைக்கே தேய்த்து எடுத்துவிடுவார்கள். பட்டு இழை அதில் மாட்டினால் சேலை பாழ். வாசலில் வேப்பமரத்தடியில் கிடக்கும் பெஞ்சோ வருஷக்கணக்காக ஐப்பசி மழையையும் கத்திரி வெயிலையும் வாங்கிக்கொண்டு, சாம்பல் பூத்து, கால் ஆடி, "விறகுக்குப் போட்டுடலாம்" என்ற பேச்சுக்கு ஆளாகி நிற்கும். தறிமரத்துக்குக் கொடுக்கும் அக்கறையில் கால் பங்கு போதும், அந்தப் பெஞ்சு இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பெஞ்சு என்று சொல்லிக்கொண்டு போனாலும் தோட்டத்து நாற்காலி, ஊஞ்சல் பலகை, திண்ணைத் தூண், மொட்டை மாடிக்குப் போய்விட்ட கட்டில் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். மரம் சாம்பல் நிறமாவது அழுகல் அல்ல. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சும் வெளிறிய நார்தான் அந்தச் சாம்பல் நிறம். மேல்தோல் அளவுக்கே அது இருக்கும். கீழே மரம் பழைய நிறத்தோடு அப்படியே இருக்கும். 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டப்பட்டு, நம் திருகோணமலையின் பெயரைச் சுமந்து கடலுக்குப் போன 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. நல்ல மரத்துக்கு எமன் வெயிலும் அல்ல, ஓடிப்போகும் தண்ணீரும் அல்ல. போக வழியில்லாமல் தேங்கும் தண்ணீர்தான். மரத்துக்குள் ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை இறங்கும், அழுகல் தொடங்கும். இனிச் சொல்லப்போகும் எல்லா வேலைக்கும் நோக்கம் இரண்டுதான்: தண்ணீர் உள்ளே போவதைக் குறைப்பது, போன தண்ணீர் வெளியேற வழி விடுவது.

எப்போது செய்வது

மாசி, பங்குனி மாதங்கள்தான் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மரம் காய்வதற்குத் தை முழுதும் தேவைப்படும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனி வேறு மரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் வேலையைத் தொடங்கவே வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்குவதற்குள் மேலே இறுகிப் பிசுபிசுத்துப் போகும்; மரமும் சூட்டில் பிளந்துகொண்டே இருக்கும். மாசியிலும் பெஞ்சை நிழலுக்கு நகர்த்திவிட்டுத்தான் எண்ணெய் தடவ வேண்டும்.

மரத்தைச் சோதிப்பது

ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். காலின் அடிப்பகுதி, பலகைகள் சேரும் மூலைகள், ஆணி அடித்த இடங்களைச் சுற்றி, பலகையின் இரு முனைகள் ஆகிய இடங்களில் அழுத்திக் குத்திப் பாருங்கள். கெட்டியாகத் தடுத்தால் மரம் நன்றாக இருக்கிறது. முனை சொதசொதவென்று இறங்கினால் அங்கே அழுகல். பெஞ்சின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக்கிடந்து, குண்டூசித் தலை அளவில் துளைகள் தெரிந்தால் வண்டு இருக்கிறது. கால் மேல் மண்தடம் ஏறியிருந்தால் கரையான். ஒரு கால் மட்டும் கெட்டிருந்தால் அந்தக் காலை மாற்றலாம். நான்கு காலும் சட்டமும் உளுத்துவிட்டால் பெஞ்சை விட்டுவிட்டு, நல்ல பலகைகளை மட்டும் எடுத்து வையுங்கள். அதில் தயங்க வேண்டாம்.

என்ன மரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கும் வேங்கையும் வெளியில் நிற்கப் பிறந்தவை. பலாவும் வேம்பும் கவனித்தால் நிற்கும். மாமரம் வெளியில் தாங்காது. அதை எண்ணெய் போட்டுக் காப்பாற்ற முயலாமல், பிரைமரும் எனாமல் பெயின்டும் அடித்துத் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

கழுவுவது

பட்டுச் சேலை அலச வைத்திருக்கும் பூந்திக்கொட்டை இதற்கும் உதவும். ஒரு கைப்பிடி கொட்டையை இரவே வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் கசக்கி வடிகட்டினால் நுரைக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டு, தேங்காய் நாரால் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பாசி, பறவை எச்சம், புழுதி எல்லாம் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கைப்பிடிகளுக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சோடா அதிகமானால் தேக்கு கறுக்கும். வண்டி கழுவும் பிரஷர் பைப்பைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது மென்மையான நாரைத் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டி வரிகளை மட்டும் மேடு மேடாக விட்டுவைக்கும். வேங்கையாக இருந்தால் கழுவும்போது சாயம் விடும். சிமென்ட் தரையிலோ, காயப்போட்ட துணிக்குக் கீழேயோ வைத்துக் கழுவ வேண்டாம்.

இரும்பு ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுத்திருப்பது அழுக்கு அல்ல. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் கலந்து உண்டான கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆணியைப் பிடுங்கிவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் துணியால் பூசினால் அரை மணி நேரத்தில் வெளுக்கும். இது விஷம். கையுறை வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. பிறகு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில் குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

மூட்டுகளை இறுக்குவது

கால் ஆடுகிறது என்றவுடன் நீள ஆணியை எடுத்து அடிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதுதான் பெஞ்சைக் கொல்கிறது. ஆணி துருப்பிடித்து உப்பும், மரம் பிளக்கும், பிளவில் தண்ணீர் நிற்கும். மூட்டை மெதுவாகத் தட்டிப் பிரியுங்கள். கொட்டாப்புளியால் தட்டுங்கள், இரும்புச் சுத்தியலால் அல்ல. பழைய பசையைச் சுரண்டி, தண்ணீர் தாங்கும் மரப்பசை பூசிச் செருகி, கயிறு சுற்றிக் குச்சியால் முறுக்கி ஒரு நாள் முழுதும் இறுக்கி வையுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காது. பூசும் முன் அந்த இடத்தைத் தின்னரால் துடைத்துவிட வேண்டும். துளை பெரிதாகிவிட்டிருந்தால் அதே மரத்தில் சிறு ஆப்பு சீவி அடிக்கலாம். ஆணிக்குப் பதில் மூங்கில் ஆணி நல்லது. உலோகம்தான் வேண்டுமென்றால் பித்தளை அல்லது எஸ்.எஸ். ஸ்க்ரூ.

மயிரிழை வெடிப்புகளை லப்பம் வைத்து அடைக்காதீர்கள். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். லப்பம் நகராது. அதற்கும் மரத்துக்கும் நடுவே சந்து விழுந்து அதிலேயே தண்ணீர் தங்கும். தண்ணீர் தேங்கும் அளவுக்குப் பெரிய குழிகளை மட்டும் மரத்தூளும் தண்ணீர் தாங்கும் பசையும் குழைத்து மூடலாம்.

உப்புத்தாள் போடுவது

80-ஆம் நம்பரில் தொடங்கி, 120 போட்டு, 150-இல் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நயமாக்கினால் பார்க்க அழகு. ஆனால் எண்ணெய் இறங்காது. தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு நார் ஓடும் திசையில் தேயுங்கள். மேடுபள்ளம் அதிகமாக இருந்தால் முதலில் தச்சரிடம் இழைப்புளி போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லாச் சாம்பலையும் எடுத்தே தீர வேண்டும் என்று அரை அங்குல மரத்தை இழைத்துத் தள்ளுவது பாவம். பழைய பலகையில் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பலகையே இருக்காது. உட்காரும் இடமும் கைபடும் இடமும் வழவழப்பாக இருந்தால் போதும். பின்புறத்தில் கொஞ்சம் சாம்பல் நிற்கட்டும்.

போதுமா என்று பார்க்க ஆரணிக்காரர்களுக்கு நல்ல வழி கையிலேயே இருக்கிறது. தறியில் கழிந்த பட்டுநூல் கொத்து ஒன்றைப் பெஞ்சின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சிராயும் பட்டில் மாட்டும். மாட்டிய இடத்தில் மட்டும் இன்னொரு தடவை தேயுங்கள். இழுத்த பக்கமெல்லாம் நூல் தடையின்றி ஓடினால், பட்டுப் புடவையோடு வந்து உட்காருகிறவர்களுக்கும் பயமில்லை. தேய்க்கும் வேலையைத் தறி இருக்கும் அறையிலோ, தெருவில் பாவு நீட்டியிருக்கும் நேரத்திலோ செய்யக் கூடாது. மரத்தூள் பாவில் படிந்தால் அக்கம்பக்கத்தாரின் உழைப்பும் கெடும்.

எண்ணெயா, வார்னிஷா

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளியில் நிற்கும் மரத்துக்கு வார்னிஷும் பி.யூ. பாலிஷும் வேண்டாம். கண்ணாடிபோல் மின்னும், ஒரு வருஷம் அழகாக இருக்கும். பிறகு வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வர முடியாமல் படலத்துக்குக் கீழேயே மரத்தைக் கறுக்கவைக்கும். அப்புறம் முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் மறுபடி பூச முடியும். எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. தேய்ந்த இடத்தில் மறுபடி தடவினால் முடிந்தது.

ஆனால் எந்த எண்ணெய் என்பது முக்கியம். வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் காற்றில் இறுகாது. தடவினால் பிசுபிசுப்பாகவே இருந்து புழுதியைப் பிடிக்கும், சேலையில் கறை ஏற்றும். காற்றில் இறுகும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேட்டு வாங்குங்கள். 'தேக்கு ஆயில்' என்று டப்பாவில் விற்பது தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் எண்ணெய், வார்னிஷ், கரைப்பான் மூன்றின் கலவைதான். மோசம் என்று சொல்லமாட்டேன், விலைக்கேற்ற லாபம் இல்லை.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பென்டைனும் சம அளவு. நீர்த்திருந்தால்தான் ஆழமாக இறங்கும். துணியில் தொட்டு, நார் ஓடும் திசையில் தாராளமாகத் தடவுங்கள். பலகையின் வெட்டு முனைகளில் இரண்டு மூன்று தடவை கூடுதலாக. பலகையின் பக்கங்களைவிட முனைகள்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். இருபது நிமிஷம் கழித்து, உறிஞ்சாமல் மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பில் சோம்பல் பட்டால் பெஞ்சு மாதக்கணக்கில் ஒட்டும், மழைக்காலத்தில் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேலேயே கரும்பூஞ்சை பூக்கும். இரண்டு நாள் விட்டு இரண்டாவது பூச்சு, டர்பென்டைன் பாதியாகக் குறைத்து. மறுபடி இரண்டு நாள் விட்டு வெறும் எண்ணெய், மிக மெல்லியதாக. ஒரு வாரம் யாரும் உட்கார வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. துணிக் குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். பட்டும் நூலும் ஜரிகையும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் இவை. வேலை முடிந்த கையோடு துணிகளைத் தண்ணீரில் முக்கி, வெளியே கல்லின் மேல் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.

காலுக்குத் தனிக் கவனிப்பு

பெஞ்சு சாவது பெரும்பாலும் காலிலிருந்துதான். மண்ணில் ஊன்றிய கால் நாள் முழுதும் ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கும் அதுதான் வாசல். காலின் அடியில் முந்திரி ஓட்டு எண்ணெய் தடவுவது நல்ல பழைய முறை. படகுகளுக்குப் பூசுவதும் இதைத்தான். தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறையோடு, தரையைத் தொடும் நாலு விரற்கடைக்கு மட்டும், பிரஷ்ஷால் பூசுங்கள். கை, உடல் படும் இடத்தில் ஒருபோதும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கருங்கல் துண்டு. நம் பக்கத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. செங்கல் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துக் காலுக்கே திருப்பிக் கொடுக்கும்.

பழைய தறிக்கட்டை கிடைத்தால்

தறி நிறுத்திவிட்ட வீடுகளில் பிரித்த சட்டங்களும் கால்களும் கொல்லையில் கிடக்கின்றன. பல வருஷம் நிழலில் காய்ந்து முதிர்ந்த மரம் அது. புதுப் பலகை போல வளையாது, முறுக்காது. உடைந்த பெஞ்சுக் காலுக்கு மாற்றாக இதைவிட நல்ல கட்டை கடையில் கிடைப்பது கடினம். குழித்தறியில் மண்ணுக்குள் புதைந்திருந்த முனையை மட்டும் குத்திப் பார்த்து, கெட்ட வரைக்கும் அறுத்துத் தள்ளுங்கள். இழைப்புளி போடும் முன் ஒரு காந்தத்தைக் கட்டை முழுதும் ஓட்டிப் பாருங்கள். பழைய ஆணி முனைகள் உள்ளே முறிந்து கிடக்கும். தச்சரின் இழைப்புளி வாய் போனால் அவருக்கு ஒரு நாள் வேலை கெடும்.

வருஷம் முழுதும்

அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வழக்கமுள்ள வீடுகளில் அன்றைக்குப் பெஞ்சையும் ஈரத்துணியால் துடைத்து, இடுக்கில் சேர்ந்த வேப்பிலைச் சருகை எடுத்துவிடலாம். சருகு தேங்கினால் ஈரம் தேங்கும். ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது பெஞ்சையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். அடுத்து ஐப்பசி மழை வருகிறது. ஆடும் மூட்டு, தளர்ந்த ஸ்க்ரூ, கால் மேல் மண்தடம் எதுவானாலும் அன்றே சரிசெய்யுங்கள். மழைக்குப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்ட வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தாழ்வாரத்துக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், முடியாவிட்டால் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், தண்ணீர் வழிந்தோடட்டும்.

மறுபடி மாசி வரும்போது பலகையின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சில நிமிஷத்தில் மரம் உறிஞ்சிக் கறுத்தால், கழுவிக் காயவைத்து, 120 உப்புத்தாளை ஒரு தடவை லேசாக ஓட்டிவிட்டு, மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துத் துடைத்துவிடுங்கள். முதல் வருஷம் பல நாள் பிடித்த வேலை இப்போது ஒரு காலைப் பொழுதில் முடியும்.