மலையேறும் சைக்கிளுக்கு எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது

சைக்கிளில் மலை ஏறுவது பெரும்பாலும் எடை தூக்கும் வேலைதான். சமதளத்தில் மிதிப்பவரின் பலத்தைக் காற்று தின்கிறது. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கியதும் காற்று பொருட்டில்லாமல் போய்விடும். காலில் இருந்து வரும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு ஆளையும் வண்டியையும் தண்ணீர்க் குப்பியையும் மேலே தூக்கவே செலவாகும். ஆகவே வேகமாக ஏற நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: உடம்பு இளைப்பது, காலின் திறனைக் கூட்டுவது, வண்டியில் கை வைப்பது. மூன்றுக்கும் தரும் விலை வேறு, கிடைக்கும் பலன் வேறு. யாருக்கு எது முதலில் என்பதைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மலை கண்முன்னே நிற்கிறது. ஏறத்தான் சாலை இல்லை. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, ஆனால் சைக்கிள் போகிற மலை அல்ல அது. மேல்கோதையாறுக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை வழியாகப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைய வேண்டும்; அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கீரிப்பாறைக்கு அப்பால் எஸ்டேட்டும் காடும். எனவே இங்குள்ளவர்கள் வாரநாளில் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ஏற்ற இறக்கங்களில் சவுட்டிவிட்டு (மிதிப்பதை இந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள்), உண்மையான ஏற்றத்துக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொன்முடிக்குப் போக வேண்டியிருக்கிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறும் மலை அது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் நடந்ததும் அங்கேதான். தினமும் ஏற மலை கிடைக்காதவர் மலைக்குத் தயாராவது எப்படி என்பதும் இதனால் கணக்கில் சேர்கிறது.

முதலில் எண்கள். 70 கிலோ ஆள், 10 கிலோ வண்டி, உடுப்பும் தண்ணீரும் 2 கிலோ. ஆக மொத்தம் 82. சாய்வு 7 சதவீதம், அதாவது 100 மீட்டர் ஓடினால் 7 மீட்டர் உயரும். 7 கிலோமீட்டர் சொச்சம் இப்படிப் போனால் 500 மீட்டர் உயரம் ஏறியாயிற்று. ஓரளவு பழக்கப்பட்டவர் 180 வாட் அளவில் சீராக மிதித்தால் இதை முடிக்க ஏறக்குறைய 42 நிமிடம் ஆகும். அவர் 1 கிலோ இளைத்தால் 30 விநாடி மிச்சம். 5 கிலோ இளைத்தால் இரண்டரை நிமிடம். எடையைத் தொடாமல் மிதிக்கும் திறனை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் கிட்டத்தட்ட 4 நிமிடம் மிச்சம். இரண்டும் கைகூடினால் 36 நிமிடத்தில் மேலே நிற்கலாம்.

இந்தக் கணக்கில் வண்டியின் கிலோவும் வயிற்றின் கிலோவும் ஒன்றுதான். பர்ஸுக்குத்தான் இரண்டும் ஒன்றல்ல. 10 கிலோ வண்டியை விற்றுவிட்டு 8 கிலோ வண்டி வாங்கினால் 1 நிமிடம் மிச்சமாகும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். இடுப்பில் 6 கிலோ உபரியாக இருப்பவர் கார்பன் ஃபிரேம் விலை விசாரிப்பது வேடிக்கைதான், ஆனால் கடைகளில் அன்றாடம் காணக் கிடைக்கும் வேடிக்கை.

வண்டியில் கட்டாயம் மாற்ற வேண்டியது கியர். மேற்சொன்ன ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவருக்கு முன்பக்கம் 34 பல்லும் பின்பக்கம் 32 பல்லும் இருந்தால் நிமிடத்துக்கு 75 சுற்று கால் சுற்றும். 39-க்கு 25 என்றால் 51 சுற்றாகக் குறையும். முன்னே 44, பின்னே 18 பல் கொண்ட பழைய கறுப்புச் சைக்கிளில் அதே வேகத்துக்கு 31 சுற்றுதான். சுற்று குறையக் குறைய ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்கும் பாரம் கூடும். நிமிடத்துக்கு 50-க்குக் கீழே கால் தடுமாறுகிறவர் தன் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் போதாதது பல். பின்சக்கரத்துப் பல்தொகுதியை மட்டும் மாற்றுவது புது வண்டியைவிடப் பல மடங்கு மலிவு. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பின்னால் இருக்கும் கியர் மாற்றி 32, 34 பல் வரை தாங்குமா? சில குட்டைக் கை மாற்றிகள் தாங்காது. மேட்டு நடுவில் செயின் இறுகி நிற்கும். இதைச் சரிசெய்யாமல் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்குவதில் பொருள் இல்லை.

அடுத்தது உடம்பு. இளைக்க வேண்டியவர் யார் என்பதற்குக் கண்ணாடியைவிட இஞ்சு டேப் நம்பகமானது. இந்தியர்களுக்கான அளவுகோலில் ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80-க்கும் மேல் போனால் வயிற்றுக் கொழுப்பு அதிகம். உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். இந்த வரம்புக்கு மேலே இருப்பவருக்கு இளைப்பதே முதல் வேலை. மலைக்காக மட்டும் அல்ல. வரம்புக்குள் இருப்பவருக்கு அது கடைசி வேலை. ஏற்கெனவே ஒல்லியானவர் இன்னும் 3 கிலோ குறைக்கப் போய்த் தசையைக் கரைத்தால், எடையோடு திறனும் இறங்கி, அதே 42 நிமிடத்தில்தான் வந்து நிற்பார். 80 கிலோ எடையோடு ஐரோப்பிய மலைகளில் ஏறி 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து டூர் டி பிரான்ஸ் பட்டங்களை வென்ற மிகேல் இந்துராயினை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எடையைத் தூக்கத் தேவையான வாட் அவரிடம் இருந்தது.

இளைப்பதன் வேகம் முக்கியம். 1 கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 400 கலோரி குறைத்தால் 5 கிலோ குறைய மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். முதல் வாரத்திலேயே 2 கிலோ போய்விட்டது என்று சொல்பவர் இழந்தது பெரும்பாலும் தண்ணீர். தசையில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், மறுபடி தின்றதும் திரும்ப ஏறும். எனவே எடை மெஷினில் ஒரு நாள் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து வாரச் சராசரியை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

அந்த 400 கலோரியை எங்கே வெட்டுவது? நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டில் குற்றவாளி சோறு அல்ல. சம்பா அரிசிச் சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. பச்சைத் தேங்காய் 100 கிராமில் 350. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120. ஏத்தங்காய் வத்தல் 100 கிராம் 500 கலோரிக்குக் குறையாது. மேற்சொன்ன 42 நிமிட ஏற்றம் முழுவதும் செலவழிப்பதே 450 கலோரி அளவுதான். மாலையில் டீக்கடையில் பேச்சுவாக்கில் கொறிக்கும் ஒரு பொட்டலம் முழு மலையையும் விழுங்கிவிடும். மீன்குழம்பை நிறுத்த வேண்டியதில்லை. அரைக்கும் தேங்காயைப் பாதியாக்கினால் போதும். மீன் இருக்கத்தான் வேண்டும். இளைக்கும் காலத்தில் தசை கரையாமல் இருக்க உடல் எடையின் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தேவை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். சாளையோ அயிலையோ 100 கிராமில் 20 கிராம் புரதம் தரும். மீதியைப் பயறு, முட்டை, மோர், கடலை என்று சேர்த்தால் கணக்கு நேராகும். மீன் தொடாத வீடுகளில் இந்த 112-ஐ எட்டுவது சிரமம். அவர்கள் பயறின் அளவைக் கையோடு அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது: கடினமான பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் தின்பது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதற்குப் பளபளக்கும் உறையில் வரும் ஜெல் தேவையில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் சட்டைப் பையில் அடங்கும்; மூன்று பழம் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். கருப்பட்டித் துண்டும் அப்படியே. பட்டினியோடு மலையேறினால் கொழுப்பு கரையும் என்று நம்பிப் போகிறவர் பாதியில் கை நடுங்கி உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து இரண்டு மடங்கு சாப்பிடுவார். செலவுக்கு ஏற்ற உணவு நீண்ட நாள் கிடைக்காவிட்டால் தூக்கம் கெடும், சளி அடிக்கடி பிடிக்கும், பெண்களுக்கு மாதவிலக்கு தவறும், எலும்பு பலவீனப்படும். மாதவிலக்கு நின்றுபோவதைப் பயிற்சியின் அடையாளம் என்று சொல்பவர்களும் உண்டு, தவறு. அது மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி.

இனி, மூன்று வழிகளில் அதிகம் கொடுக்கும் காலின் திறன். பயிற்சிக்குப் புதியவருக்கு 10 சதவீத உயர்வு சில மாதங்களில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக மிதிப்பவருக்கு அதே 10 சதவீதம் ஒரு வருடம் எடுக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவருக்குத்தான் எடையும் வண்டியும் பேசும் பொருளாகின்றன. வாரத்தில் இரண்டு நாள் மூச்சிரைக்க, மற்ற நாள் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மெதுவாக என்பது பலருக்கும் ஒத்துவரும் பங்கீடு. எல்லா நாளும் நடுத்தரமாக மிதிப்பதுதான் பொதுவான தவறு: களைப்பு சேரும், திறன் கூடாது. மூச்சிரைக்கும் நாளுக்கு 8 நிமிடம் வீதம் 4 முறை, இடையில் சில நிமிடம் இளைப்பாறல் என்பது எளிய சூத்திரம். நான்காவது முறையும் முதல் முறையின் வேகத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் முதல் முறை அவசரப்பட்டாயிற்று என்று அர்த்தம்.

8 நிமிடம் ஏற மலை எங்கே? மாவட்டத்தின் கிழக்கில் வயல், மேற்கில் மேடுபள்ளம். தக்கலையில் இருந்து குலசேகரம், திற்பரப்பு வழியே பேச்சிப்பாறை போகும் பாதையில் மேடுகள் வந்துகொண்டே இருக்கும், ஆனால் பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் முடிந்துவிடும். குட்டை மேடுகள் எழுந்து நின்று மிதிக்கவும் கியரைச் சமயத்தில் மாற்றவும் கற்றுத் தரும். நீண்ட ஏற்றத்தின் பொறுமையைத் தராது. மேடு முடிந்ததும் இறக்கத்தில் கால் ஓய்ந்துவிடுவதால் சராசரி எப்போதும் ஏமாற்றும்.

நீண்ட ஏற்றத்துக்கு இந்த மாவட்டத்தில் கிடைக்கும் மாற்று, காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சுமார் 200 வாட் வேண்டும். மேற்சொன்ன 7 சதவீத ஏற்றத்தின் உழைப்புக்கு இது ஈடு. காற்றோடு கிழக்கே போய், காவல்கிணறு பக்கத்தில் இருந்து மேற்கே திரும்பினால் அந்த 8 நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலையில் லாரி தாண்டும்போது பக்கக்காற்று சட்டென்று அறுந்து மறுபடி மோதும். செண்பகராமன்புதூர், தோவாளைப் பக்கத்துக் கிராமச் சாலைகள் அதற்குப் பரவாயில்லை. ஒரு குறை உண்டு. காற்று எடையைத் தண்டிப்பதில்லை. 85 கிலோ ஆள் முப்பந்தலில் 60 கிலோ ஆளை எளிதில் விட்டுச் செல்வார்; பொன்முடியில் நான்காவது வளைவில் அந்த 60 கிலோ அவரைக் கடந்து போகும். குனிந்து மிதித்துப் பழகிய உடம்புக்கு ஏற்றத்தில் நிமிர்ந்து உட்கார்வதும் புதிது. ஆகவே காற்றில் திறனை வளர்த்தாலும் மாதம் ஒரு முறையாவது மலைக்குப் போய் அளந்து பார்க்க வேண்டும். அளக்கப் பவர் மீட்டர் இல்லாவிட்டால் பாதகமில்லை: ஒரே ஏற்றம், ஒரே வண்டி, கைக்கடிகாரம். மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று வகுத்துப் பார்த்தால், 42 நிமிடத்தில் 500 மீட்டர் என்பது 714. அடுத்த மாதம் 750 ஆனால் பயிற்சி வேலை செய்கிறது.

பருவத்துக்கும் இதில் இடம் உண்டு. இளைப்பதும் கடும் பயிற்சியும் ஒரே மாதத்தில் ஒத்துப்போவதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை ஓய்ந்து காலை குளிரும். நீண்ட, மெதுவான ஓட்டங்களோடு எடை குறைக்க ஏற்ற காலம் அது. ரப்பர் இலையுதிர்வதும் அப்போதுதான்: தோட்டச் சாலைகளில் நிழல் போய்விடும், வளைவுகளில் சருகு வழுக்கும். மார்ச் முதல் மே வரை வெக்கையில் காலை 8 மணிக்குள் முடித்தாக வேண்டும். மணிக்கு 1 லிட்டர் வியர்ப்பது சாதாரணம். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்து, 70 கிலோ ஆள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், குடித்தது போதவில்லை. உப்பிட்ட கஞ்சித்தண்ணியும் மோரும் இதற்குப் போதும். ஜூனில் காற்று எழும்பியதும் கடும் பயிற்சி. அந்த நாட்களில் எடைக் குறைப்பை நிறுத்திவிட வேண்டும்.

நேரம் பார்த்து ஏறும் நாளில் எழும் கடைசிக் கேள்வி தண்ணீர்க் குப்பி. முக்கால் லிட்டர் குப்பி நிறைய இருந்தால் முக்கால் கிலோ. அந்த 500 மீட்டர் ஏற்றத்தில் 20 விநாடிக்குச் சற்று மேல். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குப்பி போதும், அதுவும் பாதி நிரப்பினால் போதும். இரண்டாவது குப்பியை அடிவாரத்திலேயே வைத்துவிட்டு, இறங்கி வந்து குடிக்கலாம். பயிற்சி நாளில் மட்டும் இரண்டையும் நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது.